தாப்பா மலைச்சாலையில் விட்டுவந்த மைனர்

ஈப்போவிலிருந்து கேமரன் மலைக்குப் போகிறவர்கள் இப்போது பெரும்பாலும் தாப்பா பக்கம் போவதில்லை. சிம்பாங் பூலாயில் இடப்புறம் திரும்பினால் அகலமான சாலை மேலே கொண்டுபோய் விடுகிறது. அப்பாவுக்கு மட்டும் அது பிடிக்காது. “கேமரன் மலைன்னா தாப்பாவுல இருந்து ஏறணும்பா. அந்த வளைவெல்லாம் இல்லாம போனா மலைக்குப் போன மாதிரியே இருக்காது” என்பார்.

2019 டிசம்பரில் அவருக்கு 80 வயது நிறைந்தது. விருந்து வைக்கட்டுமா, சிறப்புப் பூசை செய்யட்டுமா என்று கேட்டோம். அவர் கேட்டது ஒன்றுதான். “மைனர்ல ஒரு தடவை மேல போயிட்டு வருவோம். பிரிஞ்சாங் முருகன் கோயில்ல ஓர் அர்ச்சனை. போதும்.”

அந்தப் பயணம் பிரிஞ்சாங் போய்ச் சேரவில்லை. லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டிச் சில வளைவுகளில் எங்கள் கார் எரிந்து போனது. யாருக்கும் காயமில்லை. ஆனால் 51 ஆண்டுகளாகக் குடும்பத்தில் ஒருவர் மாதிரி இருந்த கார் அரை மணி நேரத்தில் இல்லாமல் போனது. இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய கார்மீது ஆசை வைத்து, வாங்கிப் புதுப்பிக்கும் இளையவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களில் ஒருவராவது இதைப் படித்துவிட்டு இன்று மாலை பொனட்டைத் திறந்து பார்க்கட்டும்.

மைனர் கிராணி

அப்பா பீடோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். 1968இல், ஈப்போவில் ஒரு பள்ளி ஆசிரியரிடமிருந்து வாங்கியதுதான் இந்த மோரிஸ் மைனர். 1964ஆம் ஆண்டு வண்டி. சாம்பல் நிறம், இரண்டே கதவுகள், 1,098 சிசி எஞ்சின்.

மோரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பிற்பாடு மினி காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் இதையும் வடிவமைத்தார். இங்கிலாந்தில் தயாரான கார்களில் முதன்முதலாகப் பத்து லட்சத்தைத் தொட்டது இதுதான். ஒரு ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும் இருந்தால் பாதிக் கோளாறை ரோட்டோரத்திலேயே சரிசெய்துவிடலாம். அதனால்தான் நம் ஊரில் ஆசிரியர்கள், டிரெசர்கள், கிராணிகள் என்று மாதச் சம்பளக்காரர்கள் பலர் இதை வைத்திருந்தார்கள்.

தோட்டத்தில் அந்தப் பெயருக்கு வேறு பொருள் வந்துவிட்டது. ‘மைனர்’ என்றால் யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலையைப் படிய வாரி, ஜவ்வாது மணக்கத் திரிகிறவர். அப்பா அப்படிப்பட்டவர் இல்லை. வெள்ளைச் சட்டையும் செக்ரோல் புத்தகமுமாக இருப்பவர். ஆனாலும் லயத்துப் பிள்ளைகள் “மைனர் கிராணி வர்றாரு” என்று கத்திக்கொண்டு காருக்குப் பின்னால் ஓடுவார்கள். நடுராத்திரியில் வலி கண்ட பெண்களை அப்பா அதில்தான் தாப்பா மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அண்ணனும் நானும் தங்கையும் பிறந்து வீட்டுக்கு வந்ததும் அதில்தான்.

ஒவ்வொரு டிசம்பர் விடுமுறையிலும் ஒருநாள் கேமரன் மலை. விடியும் முன்பே அம்மா புளிச்சாதம் கட்டிவிடுவார். தாப்பாவில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு ஏறத் தொடங்குவோம். லாத்தா இஸ்கண்டாரில் எஞ்சின் ஆறும்வரை நிற்போம். நாங்கள் அருவியில் கால் நனைப்போம். அப்பா ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார். பிறகு ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங். திரும்பும்போது ஒரு பை முட்டைக்கோசும் ஒரு கட்டுப் பூவும் எங்கள் மடியில் இருக்கும்.

அம்மா 2011இல் இறந்தார். அதன்பிறகு அப்பா காரை வெளியே எடுக்கவில்லை. வாரம் ஒருமுறை எஞ்சினை ஓடவிடுவார், துடைப்பார், மூடிவைப்பார்.

2018இல் நான் அதைப் புதுப்பிக்க முடிவெடுத்தேன். புதுச் சாயம் பூசினேன். பம்பருக்கு மீண்டும் குரோம் ஏற்றினேன். இருக்கைகளுக்குப் புதுத் தோல் போட்டேன். ஈப்போவில் பட்டறை வைத்திருக்கும் சீனப் பெரியவர் ஒருவர்தான் எஞ்சின் வேலை பார்த்தார். வேலை முடிந்த அன்று அவர் சொன்னார்: “ரப்பர் சாமான் எல்லாம் மாத்திடுங்க. பெட்ரோல் குழாய் முதல்ல.” சரி அங்கிள், அடுத்த மாதம் வருகிறேன் என்றேன். சாயத்துக்கும் குரோமுக்கும் ஆயிரக்கணக்கில் செலவாகியிருந்தது. பார்க்கிறவர்களெல்லாம் வண்டி புதிது போலிருக்கிறது என்றார்கள். அடுத்த மாதம் வரவேயில்லை.

பழைய சாலை

புறப்பட்ட அன்று சனிக்கிழமை. அப்பா முன்னால், மனைவியும் ஒன்பது வயது மகளும் பின்னால். நெடுஞ்சாலையைத் தொடவே கூடாது என்பது அப்பாவின் கட்டளை. கோப்பேங், கம்பார், தெமோ என்று பழைய சாலையிலேயே போனோம். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படும்வரை கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையில் போன அத்தனை பேரும் இந்த ஊர்களைக் கடந்துதான் போனார்கள். கம்பாரில் பசியாறினோம். கடைக்கு வந்த ஒருவர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்தார். அப்பா தன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

தாப்பாவில் திரும்பினால் 59ஆம் எண் கூட்டரசுச் சாலை. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் பார்த்துவிட்டு வந்த அந்த மலைப்பகுதிக்கு வாகனச் சாலை 1930களின் தொடக்கத்தில்தான் போய்ச் சேர்ந்தது. மேலே தேயிலைத் தோட்டங்கள் வளர்ந்ததும், அங்கே நம் மக்கள் குடியேறி, கோயிலும் தமிழ்ப்பள்ளியும் எழுப்பி வாழ்ந்ததும் இந்தச் சாலையின் வழியாகத்தான். தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஏறும் உயரம் சுமார் 1,400 மீட்டர். எண்ணத் தொடங்கினால் வளைவுகள் முடியாது. ஒருபக்கம் மலைச்சுவர், மறுபக்கம் மூங்கில் நிறைந்த பள்ளம். ஆங்காங்கே பூர்வகுடி மக்கள் தேனும் பெத்தாயும் விற்கும் சிறு கொட்டகைகள்.

மைனர் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறியது. அப்பா ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கதை சொன்னார். இங்கேதான் உங்க அம்மாவுக்கு வாந்தி. இங்கேதான் யானைச் சாணம் பார்த்தோம். மகள் பின்னாலிருந்து தாத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தாள்.

டிக்… டிக்… டிக்…

இந்தக் காரில் பெட்ரோல் பம்பு மின்சாரத்தில் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் ‘டிக் டிக்’ என்று வேகமாகச் சத்தம் வரும். கார்புரேட்டரில் பெட்ரோல் நிறைந்ததும் சத்தம் நின்றுவிடும். எஞ்சினை முடுக்காமல் சாவியை மட்டும் திருப்பி வைத்திருக்கும்போது டிக் டிக் நிற்காமல் கேட்டால் ஏதோ கோளாறு. பெரும்பாலும் பெட்ரோல் எங்கோ வெளியே போகிறது என்று பொருள். அப்பா இதை எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்.

லாத்தா இஸ்கண்டாரில் வழக்கம்போல நின்றோம். தண்ணீர் ஊற்றினோம், படம் எடுத்துக்கொண்டோம். மீண்டும் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். மனைவி எடுத்த படங்களைக் கைப்பேசியில் காட்டிக்கொண்டிருந்தாள். நானும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“டிக் டிக் நிக்கலையேப்பா” என்றார் அப்பா. “பெட்ரோல் வாசமும் வருது.”

“பழைய காடின்னா வாசம் வரத்தான்பா செய்யும்” என்று சொல்லிவிட்டு எஞ்சினை முடுக்கினேன். அவர் மறுபடி ஒன்றும் சொல்லவில்லை. 80 வயதில், ஓட்டுகிற மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தகப்பன் எத்தனை முறைதான் சொல்வார்?

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு செங்குத்தான வளைவில் எஞ்சின் இருமியது. பொனட்டின் ஓரத்திலிருந்து மெல்லிய புகை வந்தது. ரேடியேட்டர் ஆவி என்று ஒரு கணம் நினைத்தேன். ஆவி வெள்ளையாக எழும்பிக் கலைந்துவிடும். இது சாம்பலாக, தாழ்ந்து ஊர்ந்து வந்தது. அடுத்த நொடி பொனட்டின் நடுவில் என் புதுச் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பத் தொடங்கியது.

இரண்டே கதவுகள்

ஓரமாக நிறுத்தினேன். கைபிரேக் இழுத்தேன். சாவியைத் திருப்பி உருவிச் சட்டைப்பையில் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை, “காடி நின்னா சாவி கையில இருக்கணும்” என்று அப்பா பழக்கியிருந்தது. பிறகுதான் தெரிந்தது, அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று. சாவி நின்றதும் பம்பு நின்றது. இல்லையென்றால் நெருப்புக்கு அது பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கும்.

பின்னால் இருந்த இருவருக்கும் கதவு கிடையாது. முன்னிருக்கையை மடக்கினால்தான் அவர்கள் இறங்க முடியும். நான் குதித்து இறங்கி, முதலில் அப்பாவின் கதவுக்கு ஓடப் பார்த்தேன். “என்னை விடு! பாப்பாவ எறக்கு!” என்று கத்தினார். என் இருக்கையை மடக்கி மகளை இழுத்தேன். மனைவி பின்னாலேயே தவழ்ந்து வெளியே வந்தாள். மறுபக்கம் அப்பா கதவுப் பிடியோடு போராடிக்கொண்டிருந்தார். முட்டுவலிக்காரர், தாழ்வான இருக்கையிலிருந்து தானாக எழ அவரால் முடியாது.

கீழே இறங்கிக்கொண்டிருந்த காய்கறி லோரி ஒன்று அந்நேரம் நின்றது. ஓட்டுநர், ஒரு மலாய்க்கார இளைஞர், ஓடிவந்து கதவைத் திறந்து அப்பாவை அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டு போனார். நான் பொனட்டின் பிடியைத் தேடிக் கை நீட்டியதைப் பார்த்து, “ஜாங்கான் புக்கா! ஜாங்கான் புக்கா!” என்று அலறினார். திறக்காதே. திறந்தால் காற்று உள்ளே பாயும், நெருப்பு முகத்தில் அடிக்கும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். அந்த நேரத்தில் அது நினைவில் இல்லை.

என்னிடமும் ஒரு தீயணைப்பான் இருந்தது. பூட்டில், நான்கு பைகளுக்கு அடியில். லோரிக்காரர் தன்னுடையதைக் கொண்டுவந்து முன்கிரில் வழியாக அடித்தார். நெருப்பு அடங்கியது. உருளை காலியானதும் மீண்டும் எழுந்தது. கொதிக்கும் இரும்பும் சொட்டும் பெட்ரோலும் இருக்கும்வரை அப்படித்தான். “சூடா, அபாங்” என்று சொல்லி என்னைப் பின்னால் இழுத்தார். போதும் அண்ணே என்றார். அந்த வளைவில் கைப்பேசிக்கு அலைவரிசை இல்லை. அவரே கீழே இறங்கிப் போய் 999க்கு அழைத்தார்.

நாங்கள் ஐம்பது அடி தள்ளி, மலைச்சுவரை ஒட்டி நின்றோம். டயர்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. வயர்கள் உருகியபோது ஹார்ன் தானாகவே ஒலிக்கத் தொடங்கியது. நிற்காமல், ஒரே சுருதியில், ஒரு நிமிடத்துக்கு மேல். லயத்துப் பிள்ளைகளை விலக அப்பா அடித்த அதே ஹார்ன். அதுவரை காரையே பார்த்துக்கொண்டிருந்தவர் அப்போதுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் அவருடைய இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பொம்பா வந்து தண்ணீர் அடித்தபோது எரிய அதிகம் மிச்சமில்லை. தாப்பாவிலிருந்து என் மைத்துனர் வந்து எங்களை அழைத்துப்போனார். வீடு வரும்வரை அப்பா ஒன்றுமே பேசவில்லை. நானும்தான். ‘வாசம் வருது’ என்று அவர் சொன்னது எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது.

ஒரு சாண் குழாய்

மறுவாரம், எலும்புக்கூட்டை இழுத்துவைத்திருந்த தாப்பா பட்டறைக்குப் போனோம். அப்பாவும் வந்தே தீருவேன் என்று வந்தார்.

இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் புகைபோக்கிக் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். அந்தக் காலத்தில் பல கார்கள் அப்படித்தான். மேலே கசிந்தால், கீழே கொதிக்கும் இரும்பின்மீது சொட்டும். மலை ஏறும்போது அந்த இரும்பின் சூடு சில நூறு டிகிரி வரை போகும். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாய் எரிந்து போய்விட்டது. ஆனால் பெட்ரோல் தொட்டியின் பக்கம் அதே வயதுள்ள ஒரு துண்டு பிழைத்திருந்தது. மெக்கானிக் அதைக் கழற்றி லேசாக வளைத்தார். காய்ந்த சுள்ளி போல வெடித்தது. ஒரு சாண் நீளம்கூட இல்லை. புதிதாக வாங்கினால் சில வெள்ளிகள்.

அப்பா அந்தத் துண்டை வாங்கி வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். “முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்துல கணக்கு எழுதினேன். ரப்பருக்கும் வயசாகும்னு எனக்கே தோணலையே” என்றார்.

என்மீது பழி வரும் என்று காத்திருந்தேன். அவர் தன்மீது போட்டுக்கொண்டார். அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பட்டறை அங்கிள் ஓராண்டுக்கு முன்பே சொன்னதையும், நான் தள்ளிப்போட்டதையும் அங்கேயே சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார். “சரி. பாப்பா எறங்கிட்டா இல்ல” என்றார்.

உண்மையில் பெட்ரோல் குழாய் நம் தோட்டத்து ரப்பரில் செய்வதில்லை. இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். அதனால் செயற்கை ரப்பர்தான். அதுவும் சூட்டிலும் காற்றிலும் வருடக்கணக்கில் கிடந்தால் இறுகி வெடிக்கும். நிறுத்தியே வைத்திருந்த கார் என்பதால் பழுதில்லை என்று நினைப்பது தவறு. வயது ஏறுவது நிற்பதில்லை.

காப்பீடு மூன்றாம் தரப்பு மட்டும்தான். நம் கார் எரிந்தால் அதில் ஒரு காசும் வராது. தீ, திருட்டு சேர்ந்த காப்பீட்டைக் கேட்டுப் பார்த்திருக்கலாம். பழைய வண்டிக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். காவல் நிலையத்தில் புகார் செய்து, பிறகு ஜேபிஜேயில் பதிவை ரத்து செய்தோம்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பெட்ரோல் வாசம் வந்தால் அது ‘பழைய கார் வாசம்’ இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுத் தேடுங்கள். குழாய்களையும் அவற்றின் கிளிப்புகளையும் சாயம் பூசுவதற்கு முன் மாற்றுங்கள். தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில், இருக்கைக்கு அருகில் இருக்கட்டும். புகை வந்தால் சாவியை அணைத்து, ஆட்களை இறக்கி, தள்ளிப் போய் நில்லுங்கள். பொனட்டைத் திறக்காதீர்கள். பைக்காகவும் பணப்பைக்காகவும் திரும்பிப் போகாதீர்கள்.

மீண்டும் அந்த வளைவில்

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பேராவிலிருந்து பகாங் எல்லைக்குள் போக முடியாமல் போனது. அப்பாவின் அர்ச்சனை அப்படியே நின்றது. மாநில எல்லைகள் 2021 அக்டோபரில் திறந்தன. அந்த டிசம்பரில், 82 வயது அப்பாவை என் சாதாரண நான்கு கதவுக் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். எந்த வழி என்று நான் கேட்கவில்லை. தாப்பாவில் திரும்பினேன்.

லாத்தா இஸ்கண்டாரில் நின்றோம். அப்பா இறங்கிப் பொனட்டைத் திறக்கச் சொன்னார். புதுக் காரில் அவருக்குப் பிடிபடும்படி ஒன்றுமில்லை, எல்லாம் பிளாஸ்டிக் மூடி. இருந்தாலும் குனிந்து இரண்டு முறை மூச்சை இழுத்து வாசம் பிடித்தார். மகளையும் கூப்பிட்டு வாசம் பிடிக்கச் சொன்னார். “ஒண்ணும் வரல தாத்தா” என்றாள். “சரி, போகலாம்” என்றார்.

அந்த வளைவில் வேகத்தைக் குறைத்தேன். ரோட்டோரத்தில் தார் உருகி இறுகிய ஒரு கரிய திட்டு இன்னும் இருந்தது. அதன் ஓரத்தில் பெரணி வளர்ந்திருந்தது. அப்பா நிறுத்தச் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து மைனரின் சாவியை எடுத்தார். எனக்கே தெரியாமல் அதைக் கொண்டுவந்திருக்கிறார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அந்த இடம் கடந்து போகும்வரை பார்த்தார். பிறகு திரும்பி, பின்னால் இருந்த மகளிடம் கொடுத்தார்.

பிரிஞ்சாங் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதினார்கள். யார் பெயருக்கு என்று குருக்கள் கேட்டார். அப்பா எங்கள் எல்லாருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் வரிசையாகச் சொன்னார். கடைசியில், அந்த லோரிக்காரத் தம்பி பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று என்னைப் பார்த்தார்.

கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. திரும்பும்போதும் தாப்பா வழியாகவே இறங்கினோம். எதிரே வந்த ஒவ்வொரு காய்கறி லோரியையும் அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.